உரல் சத்தமும் கார்பன் விலையும்

நீங்கள் கேட்டது இதுதான்: "காலநிலை மாற்றத்துக்கு என்ன வழி என்று பொருளாதாரம் படித்தவரிடம் கேட்டால், கார்பனுக்கு வரி போடு, மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறார். சட்டம் படித்தவர் உரிமை, பொறுப்பு, வழக்கு என்கிறார். கொள்கை வகுப்பவர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மானியம் என்கிறார். யார் சொல்வது சரி? இந்தத் துறையில் ஆய்வு செய்ய நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?"

பல வருடங்களாக இந்த மூன்று தரப்புக் கட்டுரைகளையும் மாற்றி மாற்றிப் படித்து வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் சண்டை போடுவது ஒரே கேள்வியின் மேல்தான்: யாருடைய இழப்பு கணக்கில் வரும்? அதற்கு ஏதோ ஒரு பதிலை யாராவது முடிவு செய்த பிறகுதான் விலை என்று ஒன்று பிறக்கிறது. பொருளாதாரக் கட்டுரைகளில் அந்த முடிவு பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் இந்தத் துறையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

லண்டனில் நடந்த ஒரு பழைய தகராறைச் சொல்கிறேன். விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர். வீட்டின் பின்புறச் சமையலறையில் அவருக்கு இரண்டு உரல்கள் இருந்தன. ஓர் உரல் அதே இடத்தில் 60 வருடத்துக்கு மேலாக இடித்துக்கொண்டிருந்தது, மற்றது 26 வருடமாக. பின்பக்கத்து விம்போல் தெரு வீட்டுக்கு ஒரு மருத்துவர் குடிவந்தார். எட்டு வருடம் எந்தப் பேச்சும் இல்லை. அப்புறம் அவர் தோட்டத்துக் கோடியில், சரியாக அந்தச் சமையலறைச் சுவரையொட்டி, நோயாளிகளைப் பார்ப்பதற்கு ஓர் அறை கட்டினார். நெஞ்சில் காது வைத்துக் கேட்கப் போனால் உலக்கைச் சத்தம் வந்து விழுந்தது. வழக்குப் போட்டார். 1879-இல் நீதிமன்றம் மருத்துவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

பொருளாதார வல்லுநர் ஆர்தர் பிகு 1920-இல் சொன்ன வழியில் போனால், உரல் ஒரு புறவிளைவை (ஒருவர் செய்வதன் பாதிப்பு மற்றவர் தலையில் விழுவதை) உண்டாக்குகிறது, எனவே இடிப்பவருக்கு வரி போடு. இன்றைய கார்பன் வரியின் வேர் இதுதான். இன்னொரு பொருளாதார வல்லுநர் ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய கட்டுரையில் இதே வழக்கை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி கேட்டார். உரல் மருத்துவருக்குத் தொல்லை, சரி. உரலை நிறுத்தினால் மிட்டாய்க்காரருக்கு நஷ்டம் இல்லையா? தொல்லை இரண்டு பக்கமும் போகிறது. பேரம் பேச எந்தச் செலவும் இல்லாத உலகம் என்றால், நீதிமன்றம் உரிமையை யாரிடம் கொடுத்தாலும், அந்த இடம் யாருக்கு அதிக மதிப்போ அவர் மற்றவருக்குப் பணம் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கோஸைப் பாதி படித்தவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, "அப்படியென்றால் சட்டமே வேண்டாம், பேரமே போதும்" என்பார்கள். அவர் சொல்லவந்தது நேர் எதிர். நிஜ உலகில் பேரத்துக்குச் செலவு உண்டு, அதனால்தான் உரிமை யாருக்கு என்பது இவ்வளவு முக்கியமாகிறது. காலநிலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கோடிக்கணக்கான உரல்கள், கோடிக்கணக்கான மருத்துவர்கள், அந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவே இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து பேரம் பேசுவது? பணத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. மருத்துவர் வென்றால் மிட்டாய்க்காரர் பணம் கொடுத்து இடிக்க வேண்டும், மிட்டாய்க்காரர் வென்றால் மருத்துவர் பணம் கொடுத்து அமைதி வாங்க வேண்டும். பொருளாதாரத் திறன் என்ற கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். அந்த இருவருக்கும் அப்படித் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கிய உமிழ்வு வர்த்தகத்தில் இது பட்டவர்த்தனமாக நடந்தது. மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு, அதைத் துண்டு துண்டாக்கி அனுமதிகள், தேவைக்கு மேல் வைத்திருப்பவர் தட்டுப்பாடு உள்ளவருக்கு விற்கலாம். அழகான அமைப்பு. ஆனால் முதல் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா அனுமதிகளும் அதுவரை புகை விட்டுக்கொண்டிருந்த ஆலைகளுக்கே இலவசமாகப் போயின. 2006 வசந்தத்தில் உண்மையான உமிழ்வுக் கணக்கு வெளியானபோதுதான், கொடுத்த அனுமதி தேவையைவிட அதிகம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. விலை சரிந்தது, 2007 முடிவில் ஏறக்குறைய பூஜ்யம். இடையில் மின் நிறுவனங்கள் வேறொரு வேலை பார்த்தன. இலவசமாக வாங்கிய அனுமதியின் சந்தை விலையை மின் கட்டணத்தில் சேர்த்து வசூலித்துவிட்டன. திருட்டு என்று சொல்ல முடியாது, பாடப்புத்தகம் சொன்னபடிதான் நடந்தார்கள்: கையில் இருக்கும் அனுமதியை விற்க முடியும் என்றால் அதைப் பயன்படுத்துவதும் ஒரு செலவுதான். ஆனால் அந்த உரிமையை அவர்களுக்கு இனாமாகக் கொடுத்தது யார்? சந்தை கொடுக்கவில்லை, சட்டம் கொடுத்தது. பிறகு மின் துறைக்கு ஏலம் வந்தது, 2019 முதல் உபரியை உறிஞ்சும் ஒரு கையிருப்பு ஏற்பாடு வந்தது, 2023-இல் விலை டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது. ஒவ்வொரு திருத்தமும் சட்டத் திருத்தம்.

அமெரிக்காவின் அமில மழைத் திட்டத்தைச் சந்தையின் வெற்றி என்று சொல்லாத பாடப்புத்தகமே இல்லை. 1990 சட்டத்தின் கீழ் வந்தது, கந்தக டை ஆக்சைடு வர்த்தகம் 1995-இல் தொடங்கியது. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புகைபோக்கியிலும் இடைவிடாமல் அளக்கும் கருவி வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அனுமதிக்கு மேல் போனால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம், வழக்காட வேலையே இல்லாமல் தானாக விழும். மேலே போன அளவை அடுத்த வருட அனுமதியிலிருந்தும் கழித்துக்கொள்வார்கள். சந்தை ஓடியது என்றால் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடியது.

சரி, இனி தள்ளுபடி வீதம். என் கணக்கில் இந்தத் துறையின் மிகச் சுவாரசியமான இடம் இது, வெளியில் மிகச் சலிப்பாகத் தெரியும் இடமும் இதுதான்.

நூறு வருடம் கழித்து வரப்போகும் 1 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள சேதத்தைத் தடுக்க, இன்று எவ்வளவு செலவழிப்பது நியாயம்? எதிர்காலப் பணத்தை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். பொருளாதார வல்லுநர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கையில் அந்த வீதம் ஏறத்தாழ 1.4 சதவீதம். அப்படிப் பார்த்தால் அந்தச் சேதத்தின் இன்றைய மதிப்பு சுமார் 25,000 கோடி. வில்லியம் நார்ட்ஹாஸ் (2018-இல் நோபல் வாங்கியவர்) அப்போது பயன்படுத்திய வீதம் ஏறத்தாழ 5.5 சதவீதம். அதை வைத்துப் போட்டுப் பாருங்கள், 500 கோடிகூட வராது. ஐம்பது மடங்கு வித்தியாசம். கடல் மட்டம், வெப்பநிலை, பயிர் விளைச்சல் பற்றிய அறிவியல் கணிப்பை நாம் தொடவே இல்லை, ஓர் எண்ணை மட்டும் மாற்றினோம். ஸ்டெர்ன் "இப்போதே பெரிதாகச் செய்" என்றதற்கும் நார்ட்ஹாஸ் "மெல்ல ஏற்று" என்றதற்கும் பெரும்பகுதிக் காரணம் இது.

எந்த எண் சரி என்பதற்கு நார்ட்ஹாஸ் சந்தையைக் காட்டுகிறார்: மூலதனத்துக்கு மக்கள் உண்மையில் எதிர்பார்க்கும் வருமானம் அதுதான், அதைவிடக் குறைந்த ஆதாயத்துக்குப் பணத்தைப் போடச் சொல்வது விரயம். ஸ்டெர்ன் அறத்தைக் காட்டுகிறார்: பின்னால் பிறந்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய நலனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஃபிராங்க் ராம்ஸி 1928-லேயே இந்த இரண்டாவது பக்கம் நின்றவர். நான் ஸ்டெர்ன் பக்கம் சாய்கிறேன், ஆனால் நார்ட்ஹாஸின் வாதத்தைக் கேலியாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. வளர்ச்சி தொடர்ந்தால் நம் பேரப்பிள்ளைகள் நம்மைவிட வசதியானவர்கள், அவர்களுக்காக இன்றைய ஏழையின் வயிற்றைக் கட்டுவதா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. பொருளாதார வல்லுநர் மார்ட்டின் வைட்ஸ்மன் மூன்றாவது வழி ஒன்றைத் திறந்தார்: சராசரியை விடு, பேரழிவு நடக்கச் சிறிய வாய்ப்பு இருந்தாலே அது மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடும். அப்படியென்றால் இது செலவு-ஆதாயக் கணக்கைவிடக் காப்பீடு எடுப்பதற்கு நெருக்கமான விஷயம்.

பொருளாதார வல்லுநர்கள் பதினைந்து வருடம் தீர்க்காத இந்தச் சண்டைக்குள் 2021 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் வேறு வாசல் வழியாக நுழைந்தது. இளைஞர்கள் சிலர் போட்ட வழக்கு. நாட்டின் காலநிலைச் சட்டம் 2030 வரைக்கும்தான் இலக்குகளை விவரமாகச் சொல்லியிருந்தது, அதற்கு அப்புறம் மங்கல். நீதிமன்றம் சொன்னதன் சாரம்: மிச்சமுள்ள உமிழ்வு ஒதுக்கீட்டில் பெரும்பகுதியை இப்போது இருப்பவர்களே தின்று தீர்த்தால், 2030-க்குப் பிறகு வாழ்பவர்கள்மேல் கடுமையான கட்டுப்பாடுகள் வந்து விழும். அது அவர்களுடைய சுதந்திரத்தை இப்போதே பறிப்பதற்குச் சமம். தள்ளுபடி வீதம் என்ற சொல்லை எடுக்காமலே, எதிர்காலத்தவருக்கு ஓர் உரிமை உண்டு என்று வைத்துவிட்டார்கள். சில மாதங்களில் நாடாளுமன்றம் 2030-க்கான உமிழ்வுக் குறைப்பு இலக்கை 55 சதவீதத்திலிருந்து 65-ஆக உயர்த்தியது, உமிழ்வு நிகர பூஜ்யமாக வேண்டிய ஆண்டை 2050-லிருந்து 2045-க்கு முன்னே இழுத்தது. அதே வழக்கில் வங்கதேசம், நேபாளத்திலிருந்தும் சிலர் சேர்ந்திருந்தார்கள், அவர்களுடைய கோரிக்கை வெற்றி பெறவில்லை. காலத்தைத் தாண்டிப் போன உரிமை எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை.

இதைப் பார்த்து நீதிமன்றமே போதும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2019-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கில், 2020-க்குள் 1990 அளவிலிருந்து 25 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று தன் அரசுக்கு உத்தரவிட்டது, அது பெரிய திருப்பம். ஆனால் அதே நாட்டில் ஷெல் எண்ணெய் நிறுவனம் தன் உமிழ்வை 2030-க்குள் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற 2021 தீர்ப்பை 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனத்துக்குக் கடமை உண்டு என்றார்கள், இத்தனை சதவீதம் என்று எண் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள்.

பெரு நாட்டு மலை விவசாயி ஒருவரின் வழக்கு இன்னும் நெருக்கமானது. அவர் ஊருக்கு மேலே ஒரு பனியாற்று ஏரி. பனி உருக உருக ஏரி வீங்குகிறது, உடைந்தால் ஊர் போகும். ஜெர்மானிய மின் நிறுவனமான ஆர்டபிள்யூஇ உலகத்தின் மொத்தத் தொழிற்கால உமிழ்வில் 0.47 சதவீதத்துக்குப் பொறுப்பு என்ற ஒரு மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு, வெள்ளத் தடுப்புச் செலவில் 0.47 சதவீதம் கொடு என்று 2015-இல் வழக்குப் போட்டார். மொத்தத் தொகை 20,000 யூரோகூட இல்லை. பத்து வருடம் ஓடியது. நீதிபதிகளும் நிபுணர்களும் பெருவுக்கே போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே மாதம் வழக்குத் தள்ளுபடி. அவர் வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு அடுத்த 30 வருடத்தில் ஒரு சதவீத அளவுதான், அது போதாது என்றார்கள். ஆனால் தீர்ப்பில் ஒரு வரி தங்கிவிட்டது: கொள்கை அளவில், இவ்வளவு தூரத்தில் இருக்கும் உமிழ்வாளரையும் பொறுப்பாக்க முடியும். விம்போல் தெருவின் தோட்டச் சுவர் இப்போது கடல் தாண்டிப் போகிறது. நடைமுறையில் பத்து வருடத்துக்கு ஒரு வீடு என்ற வேகத்தில் இது தீராது, அதுவும் உண்மை.

இப்போது கொள்கைக்காரர்களின் தரப்பு. 2019-இல் 3,500-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பொருளாதார வல்லுநர்கள் கார்பன் வரியே மிகச் செலவு குறைந்த வழி என்று கையெழுத்திட்டார்கள். அவ்வளவு பெரிய ஒற்றுமை அந்தத் துறையில் வேறெதற்கும் வந்ததில்லை என்றே சொல்லலாம். வாக்காளர்கள் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் தொல்லை. ஆஸ்திரேலியா 2012-இல் கொண்டுவந்த கார்பன் விலையை 2014-இல் தூக்கி எறிந்தது. பிரான்ஸில் 2018 இறுதியில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயர்வு கைவிடப்பட்டது. கனடாவில் வசூலின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தும், 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான கட்டணம் போய்விட்டது. வரி பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் கண்ணில் படும், திருப்பித் தருவது வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் வந்து சேரும். பின்லாந்தும் சுவீடனும் 1990, 1991-லேயே இந்த வரியைப் போட்டு இன்றுவரை வைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். முடியாது என்பதில்லை, எங்கும் தானாக நிற்காது.

மானியத்தின் கதை இதற்குத் தலைகீழ். ஜெர்மனி 2000-இல் சூரிய மின்சாரத்தை 20 வருடத்துக்கு நிலையான, உயர்ந்த விலையில் வாங்குவதாகச் சட்டம் போட்டது. பொருளாதார வல்லுநர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள்: வெயில் குறைந்த நாட்டில் இவ்வளவு பணமா, அதுவும் 2005-இல் உச்சவரம்பு வந்த பிறகு, இங்கே குறைக்கும் டன் வேறெங்கோ கூடத்தானே செய்யும்? அன்றைய கணக்கில் அவர்கள் சொன்னது தவறில்லை. ஆனால் அந்தச் சந்தையை நம்பி உற்பத்தி பெருகியது, பிறகு சீனா அதை வேறொரு அளவுக்குக் கொண்டுபோனது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணக்குப்படி 2010 முதல் 2019 வரை மட்டும் சூரிய மின்சாரத்தின் அலகுச் செலவு 85 சதவீதம் குறைந்தது. செய்யச் செய்ய மலிவாகும் ஒரு தொழில்நுட்பத்தை, இன்றைய விலையை வைத்து மட்டும் அளந்ததுதான் பிழை. மானியம் இன்னொன்றும் செய்தது, வரி செய்யாதது: அந்தக் கொள்கை நீடித்தால் ஆதாயம் பெறும் ஆட்களை உருவாக்கியது. அவர்கள் அடுத்த தேர்தலில் அதைக் காப்பாற்றுவார்கள்.

பசுமைப் பொருளாதாரம் என்று நீங்கள் கேள்விப்படுவதற்குள் இரண்டு வீடுகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று சுற்றுச்சூழலைப் பொருளாதாரத்தின் ஒரு கிளைப் பாடமாகப் பார்ப்பது. காடு போனாலும் அதன் மதிப்புக்கு ஈடாகச் சாலையோ பள்ளிக்கூடமோ கட்டிவிட்டால் மொத்தச் சொத்து குறையவில்லை என்று இவர்களில் பலர் கணக்கிடுவார்கள். மற்றது பொருளாதாரத்தையே இயற்கைக்குள் அடங்கிய ஒரு பகுதியாகப் பார்ப்பது. மீன்பிடிப் படகு எத்தனை கட்டினாலும் மீன் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று இவர்கள் கேட்பார்கள்.

இரண்டாம் வீட்டின் மூத்தவர்களில் ஒருவர் ஹெர்மன் டேலி. அவர் உலக வங்கியில் வேலை பார்த்தபோது, 1992 வளர்ச்சி அறிக்கையின் வரைவில் ஒரு படம் வந்தது: "பொருளாதாரம்" என்று ஒரு பெட்டி, உள்ளே போகும் அம்பு, வெளியே வரும் அம்பு. இந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு பெரிய பெட்டி போட்டுச் "சுற்றுச்சூழல்" என்று எழுதுங்கள் என்றார் டேலி. அடுத்த வரைவில் பெரிய பெட்டி வந்தது, பெயர் இல்லாமல், படச்சட்டம் மாதிரி. மறுபடி சொன்னார். அதற்கடுத்த வரைவில் படமே இல்லை. பெரிய பெட்டியை வரைந்துவிட்டால், உள்பெட்டி எவ்வளவு பெரிதாகலாம் என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அதைக் கேட்க யாருக்கும் விருப்பமில்லை. வளர்ச்சியே வேண்டாம் என்ற இன்றைய எழுத்துகள் இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவை. கேள்வி சரி என்பேன், அவர்களில் பலர் தரும் பதில், பசியோடிருக்கும் நாடுகளை மறந்துவிட்டு எழுதியது போல இருக்கிறது.

பொதுச்சொத்து நாசமாகத்தான் போகும் என்று உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு, பொதுச்சொத்தை ஊர்கள் எப்படிக் காக்கின்றன என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் காட்டிய ஓர் ஊர் போதும். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517 முதல் ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். வரியும் இல்லை, தனிச்சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய விதி. வளிமண்டலத்துக்கு அப்படியே பொருந்தாது, ஒரு கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் இலக்கை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்ளலாம், கணக்கை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற அமைப்பைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாடுகள்தான் ஞாபகம் வருகின்றன.

நாடுகளுக்கு இடையே வரும்போது பழைய கேள்வி இன்னும் கூர்மையாகும். ஒரு டன் ஒரு டன்தான் என்கிறது விலை. சோறு பொங்க எழும் புகையும் சொகுசுக் கார் விடும் புகையும் ஒன்றா என்று இந்தியச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் கேட்டார்கள், தத்துவவாதி ஹென்றி ஷூ 1993-இல் கேட்டார். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் இது வகுப்பறைக் கேள்வியாக இல்லை. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் இவற்றை வெளியிலிருந்து இறக்குமதி செய்பவர் அதன் உமிழ்வுக்கும் விலை கட்ட வேண்டும். தன் ஆலைகள் ஓடிப்போகாமல் காக்க ஐரோப்பாவுக்கு அது தேவை, பொருளாதாரமாகப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்று 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் எழுதியதோடு அது எப்படிப் பொருந்தும் என்பதுதான் இன்று சட்டத்துறையில் ஓடும் சண்டை. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், புதைபடிவ எரிபொருளுக்கு மானியம் தருவது உட்பட, காலநிலைக்குத் தீங்கு தடுக்கத் தவறுவது சர்வதேசச் சட்டத்தை மீறியதாகலாம் என்று கருத்துச் சொன்னது. வெறும் ஆலோசனைக் கருத்துதான். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் 2019-இல் கிளப்பிய யோசனை அது வரை போனது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கோஸின் 1960 கட்டுரையின் முதல் பகுதியைப் படியுங்கள், சமன்பாடு ஒன்றும் கிடையாது. அதை முடித்த கையோடு நார்வேயின் ஃபோசன் வழக்கை எடுங்கள். காற்றாலைகள், அதாவது நல்ல பக்கம். 151 சுழலிகள், நார்வேயின் பூர்வகுடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் நிற்கின்றன. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, உரிமம் செல்லாது என்றது. சுழலிகள் சுற்றுவது நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் போராட்டம், பிறகு 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரண்டு மேய்ச்சல் குழுக்களோடும் ஒப்பந்தம், இழப்பீடு. தீர்ப்புக்கு முன்னால் இப்படி ஓர் ஒப்பந்தம் அமையவில்லை. தீர்ப்பையும் ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோஸ் எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் இல்லை என்று நீங்களே நான்கு பக்கம் எழுதிப் பாருங்கள். ஆய்வுக்கான கேள்வி பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.